படுக்கையருகே பிறக்கும் வினா: செவிலிய ஆய்வு – ஓர் அறிமுகம்

நுழையும்முன்

நோயாளியின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவர் செவிலியர். மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார், செவிலியர் உடனிருப்பார். ஆதலால் பிறர் கண்ணில் படாத பல செய்திகள் செவிலியரின் கண்ணில் படுகின்றன. அவ்வாறு கண்டவற்றைத் தம் அனுபவமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், பிறரும் சரிபார்த்துப் பயன்கொள்ளத்தக்க அறிவாக மாற்றும் வழியே செவிலிய ஆய்வு. அவ்வழியின் அடிப்படைகளை எட்டயபுரம் வட்டாரச் சூழல் ஒன்றை எடுத்துக்கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கரிசல் கற்பித்த பாடம்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களில் பரந்து கிடப்பது கரிசல் நிலம். பாரதியார் 1882ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்பதால் எட்டயபுரத்தின் பெயரை அறியாதார் இலர். ஆனால் அவ்வூரைச் சூழ்ந்த காடுகளில் மக்கள் எவ்வாறு பிழைக்கின்றனர் என்பதை அறிந்தோர் குறைவு. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டித் தொழிலே பல குடும்பங்களின் அடுப்பெரியக் காரணமாகிறது.

இம்மண்ணுக்கு ஆய்வு புதிதன்று. கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மானாவாரிப் பருத்தி, சிறுதானியம், பயறு முதலியவற்றில் அந்நிலையம் வெளியிட்ட இரகங்கள் ‘கே’ என்னும் எழுத்தைப் பெயரில் கொண்டு உழவரிடையே வழங்குகின்றன.

ஓர் உழவர் புதிய விதை ஒன்றை விதைக்கிறார். அவ்வாண்டு விளைச்சல் மிகுதியாகக் கிடைக்கிறது. விதை நல்ல விதை என்று அவர் ஊராரிடம் சொல்கிறார். அது உண்மையாக இருக்கலாம். அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்ததும் காரணமாக இருக்கலாம். முந்தைய ஆண்டு அந்நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டதும் காரணமாக இருக்கலாம். விதையின் பயனை மட்டும் தனித்து அறிய வேண்டுமானால், அதே நிலத்தில், அதே மழையில், பழைய விதையையும் பக்கத்திலேயே விதைத்து ஒப்பிட வேண்டும். அப்போதும் ஓர் ஐயம் எஞ்சும். நிலத்தின் தாழ்ந்த பகுதியில் ஈரம் நெடுநாள் நிற்கும். மேட்டுப் பகுதி விரைவில் காய்ந்து வெடிக்கும். புதிய விதை தாழ்ந்த பகுதியில் விழுந்துவிட்டால் ஒப்பீடு பிழையாகிவிடும்.

இவ்வையத்திற்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எப்பாத்தியில் எவ்விதை என்பதை ஆய்வாளர் விருப்பத்திற்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவுசெய்ய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1935ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. பின்னர் இதே முறை மருத்துவமனைக்குள் நுழைந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்தருமா என்று ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வு 1948ஆம் ஆண்டு வெளியானது; அதில் எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. பாத்தியில் பிறந்த முறை படுக்கைக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

கைவிளக்கும் கணக்கேடும்

செவிலியர் தம் அறிவைப் பல வழிகளில் பெறுகின்றனர். மூத்தோர் சொல்வது ஒரு வழி. வழக்கமாகச் செய்துவருவது மற்றொன்று. தாமே செய்து தவறித் திருந்துவது பிறிதொன்று. இவை யாவும் பயனுடையனவே. எனினும் வழக்கம் என்பதாலேயே ஒரு செயல் சரியானதாகிவிடாது. செவிலியப் பணியில் எழும் ஒரு வினாவுக்கு முறையாகவும் திட்டமிட்டும் தரவுகளைத் திரட்டி, ஆராய்ந்து, விடை காணும் செயலே செவிலிய ஆய்வு எனப்படும். முறையாகச் செய்யப்பட்டதா என்பதைப் பிறர் சரிபார்க்க இயல வேண்டும் என்பது இதன் உயிர்நிலை.

இத்துறைக்கு வித்திட்டவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரீமியப் போரின்போது 1854 நவம்பரில் 38 செவிலியருடன் அவர் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். இரவில் கைவிளக்குடன் நோயாளிகளைச் சுற்றிவந்த அவர் உருவம் பாடநூல்கள்தோறும் இடம்பெற்றுவிட்டது. உண்மையில் அக்கைவிளக்கைவிட அவருடைய கணக்கேடு செய்த நன்மை பெரிது.

அவர் சென்று சேர்ந்தவுடன் இறப்பு குறைந்துவிடவில்லை. அவரும் அவருடன் சென்ற செவிலியரும் இரவுபகலாக உழைத்தும் குளிர்காலத்தில் இறப்பு ஏறியது. 1855 பிப்ரவரியில் அங்கு மருத்துவம் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். மார்ச் மாதம் பிரித்தானிய அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்தது, காற்றோட்டத்திற்கு வழிசெய்தது. ஜூன் மாத அளவில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியலாளரின் துணையுடன் இறப்புக் கணக்குகளை மாதவாரியாக ஆராய்ந்தார். போர்க்காயத்தால் இறந்தவரைவிடத் தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவரே மிகப் பலர் என்பது அக்கணக்கில் தெளிவாயிற்று. எண்களைப் படிக்கப் பொறுமையற்ற அமைச்சர்களுக்காக, 1858ஆம் ஆண்டு அவற்றை வண்ண வரைபடமாக்கினார். தொற்றுநோய் இறப்புக்கு நீலம், காயத்தால் நேர்ந்த இறப்புக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கருப்பு எனப் பிரித்துக் காட்டிய அப்படத்தில் நீலப் பரப்பே ஏனையவற்றை விஞ்சி நின்றது.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை. இருப்பினும் இங்கிருந்த இராணுவ முகாம்களுக்கு வினாநிரல் அனுப்பிக் குடிநீர், கழிவகற்றல், காற்றோட்டம் பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். அவற்றின் அடிப்படையில் அமைந்த அறிக்கை 1863இல் வெளிவந்தது. நேரில் காண இயலாத இடத்தின் நிலையை வினாநிரல் வழியே அறிய முடியும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

இந்தியாவில் செவிலியப் பட்டப்படிப்பு 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் தொடங்கியது. இன்று அப்படிப்பில் ஆய்வு முறையியலும் புள்ளியியலும் கட்டாயப் பாடங்கள். ஆய்வு என்பது பட்டம் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. சிற்றூர்ச் சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டிலும் அதற்கான விதை கிடக்கிறது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

வினா பிறக்கும் இடம்

எட்டயபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் துணைச் சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர் பணியாற்றுகிறார் என்று கொள்வோம். பங்குனி, சித்திரை மாதங்களில் தம்மிடம் வரும் பெண்களுள் பலர் நீர்க்கடுப்பு என்று சொல்வதை அவர் காண்கிறார். அவர்களுள் பெரும்பாலோர் தீப்பெட்டி ஆலைகளில் குச்சி அடுக்குவோர், பெட்டி ஒட்டுவோர். “தண்ணீர் நிறையக் குடியுங்கள், அம்மா” என்று அவர் அறிவுரை கூறுகிறார். கேட்டவர்கள் தலையசைத்துச் செல்கின்றனர். சில வாரங்களில் மீண்டும் வருகின்றனர்.

ஒருநாள் ஒரு பெண், தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழுந்து செல்ல வேண்டியிருக்கும், எழுந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்கிறார். செவிலியர் அதுவரை கொடுத்துவந்த அறிவுரையின் ஓட்டை அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. ஆய்வு இங்கே தொடங்குகிறது.

‘தீப்பெட்டித் தொழிலாளர் நலம்’ என்பது தலைப்பு மட்டுமே. அதற்கு விடை காண இயலாது. ‘ஆலைகளில் கழிப்பறை வசதி செய்துதர வேண்டுமா?’ என்பது நியாயமான வினாவே. ஆயினும் அது தரவால் மட்டும் விடை காணத்தக்கதன்று, கொள்கை முடிவு சார்ந்தது. ‘எட்டயபுரம் வட்டாரத் தீப்பெட்டி ஆலைகளில் பணிபுரியும் 18 முதல் 45 வயதுப் பெண்களில், பணிநேரத்தில் குறைவாக நீர் அருந்துவோர்க்கு நீர்க்கடுப்பு மிகுதியாக ஏற்படுகிறதா?’ என்பது ஆய்வு வினா. யாரைப் பற்றியது, எதனை அளப்பது, எதனோடு ஒப்பிடுவது என்பவை அதில் உள்ளன. பரந்த கவலையை இவ்வாறு குறுக்குவதில்தான் புதிய ஆய்வாளர் பலர் இடறுகின்றனர். குறுக்கினால் சிறுத்துவிடுமோ என்று அஞ்சுகின்றனர். குறுக்காவிட்டால் விடையே கிடைக்காது.

வினா கிடைத்தபின் முன்னோர் ஆய்வுகளைத் தேடிப் படித்தல் வேண்டும். இதனை முந்தைய ஆய்வுகளின் மீளாய்வு என்பர். எடுத்துக்காட்டாக, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தனர். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் பணிபுரிந்தோர்க்கு, வெப்பம் குறைந்த இடங்களில் பணிபுரிந்தோரைவிடக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்ததாக அவ்வாய்வு 2024இல் தெரிவித்தது. இதனைப் படிக்கும் எட்டயபுரத்துச் செவிலியர்க்கு இரண்டு நன்மைகள் உண்டு. பணியிட வெப்பத்தை எவ்வாறு அளப்பது என்பதை அறிந்துகொள்கிறார். நீர் அருந்துதலை மட்டும் பார்த்தால் போதாது, பணியிட வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் அவர்க்குப் புலனாகிறது.

கருதுகோளும் மாறிகளும்

வினாவுக்குக் கிடைக்கக்கூடிய விடையை முன்கூட்டியே ஊகித்துச் சொல்லும் கூற்று கருதுகோள் ஆகும். ‘பணிநேரத்தில் குறைவாக நீர் அருந்தும் பெண்களிடையே நீர்க்கடுப்பு மிகுதி’ என்பது இவ்வாய்வின் கருதுகோள். ‘இரு சாராரிடையே வேறுபாடு இல்லை’ என்று அதற்கு எதிராக நிறுத்தப்படுவது இன்மைக் கருதுகோள். ஆய்வாளர் தாம் விரும்பும் கருதுகோளை மெய்ப்பிக்க முனைவதில்லை. இன்மைக் கருதுகோளைத் தரவுகள் தள்ளிவிடுகின்றனவா என்றே பார்க்கிறார். வழக்கு மன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவராகக் கொள்வதை ஒத்தது இது.

ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும் தன்மை கொண்டவை மாறிகள். இங்கு அருந்தும் நீரின் அளவு சார்பற்ற மாறி. நீர்க்கடுப்பு ஏற்படுவது சார்ந்த மாறி. வயது, கருவுற்றிருத்தல், நீரிழிவு நோய், பணியிட வெப்பம், கழிப்பறையின் தூய்மை ஆகியவை இடையில் புகுந்து முடிவைத் திசைதிருப்பக்கூடியவை. இவற்றைக் குழப்பும் மாறிகள் என்பர். கரிசல் நிலத்தின் மேடும் பள்ளமும் விதை ஒப்பீட்டைக் கெடுத்தது போன்றதே இது.

அடுத்து வருவது செயல்முறை வரையறை. ‘குறைவாக நீர் அருந்துதல்’ என்றால் எவ்வளவு? பெண்களைக் கேட்டால் ‘ரெண்டு செம்பு’ என்பர். ஒரு வீட்டுச் செம்பு மற்றொரு வீட்டுச் செம்பன்று. ஆதலால் அளவுக்கோடு இட்ட ஒரே அளவுடைய புட்டிகளை அனைவருக்கும் கொடுத்து, மாலையில் மீதியைப் பார்த்துக் குறிப்பது நலம். புட்டியில் நிரப்பிய நீரைப் பக்கத்திலிருப்பவரும் வாங்கிக் குடிப்பாரே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். களத்தை அறிந்தவர்க்குத்தான் இத்தகைய ஐயங்கள் தோன்றும். அவ்வாறே ‘நீர்க்கடுப்பு’ என்பதையும் வரையறுக்க வேண்டும். பெண் சொல்லும் அறிகுறிகளை மட்டும் கொள்வதா, சிறுநீர்ச் சோதனைப் பட்டையின் முடிவையும் சேர்ப்பதா, ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனை செய்வதா என்பதை முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். ஓர் அளவுகருவி தான் அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை. மீண்டும் மீண்டும் அளந்தாலும் அதே விடையைத் தருவது நம்பகத்தன்மை.

யாரைக் கேட்பது, எங்கே கேட்பது?

வட்டாரத்தின் எல்லாப் பெண் தொழிலாளரையும் ஆராய இயலாது. அவர்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்தலை மாதிரியெடுப்பு என்பர். சுகாதார நிலையத்திற்கு வந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் அது பெரும்பிழை. வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அக்கணக்கில் வரமாட்டார்கள், நோயில்லாதோரும் வரமாட்டார்கள். நெய்க்குடத்தின் வாயை மட்டும் முகர்ந்து பார்த்துக் குடம் முழுவதையும் மதிப்பிடுவது போலாகும். ஊரிலுள்ள தொழிலாளர் பட்டியலைத் தொகுத்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தால் ஒவ்வொருவர்க்கும் தேர்வுபெறும் வாய்ப்புச் சமமாகக் கிடைக்கும்.

எங்கே கேட்பது என்பதும் முடிவை மாற்றும். ஆலையில், மேற்பார்வையாளர் அருகில் நிற்கக் கேட்டால், வேண்டிய அளவு நீர் அருந்துவதாகவே விடை வரும். மாலையில் வீட்டுத் திண்ணையில், பிற பெண்கள் இல்லாதபோது கேட்டால் வேறு விடை வரலாம். வினாக்களின் சொற்களும் வட்டார வழக்கில் அமைய வேண்டும். ‘சிறுநீர்ப்பாதைத் தொற்று’ என்று கேட்டால் இல்லையென்பார். ‘நீர்க்கடுப்பு இருந்ததா’ என்று கேட்டால் விவரிப்பார்.

இத்தகைய தவறுகளைக் களத்திற்குச் செல்லுமுன் கண்டறிய உதவுவது முன்னோட்ட ஆய்வு. விளாத்திகுளம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சிலரிடம் மட்டும் வினாநிரலைச் சோதித்துப் பார்த்து, புரியாத வினாக்களைத் திருத்தி, தேவையற்றவற்றை நீக்கிய பின்னரே முதன்மை ஆய்வு தொடங்கும்.

இதுகாறும் கண்டது எண்களில் விடை காணும் அளவுசார் ஆய்வு. பெண்கள் ஏன் நீர் அருந்தத் தயங்குகின்றனர், அத்தயக்கத்தில் கூலிக்கும் கூச்சத்திற்கும் எவ்வளவு பங்கு என்பனவற்றை எண்கள் சொல்லமாட்டா. அவர்களை நெடுநேரம் பேசவிட்டுக் கேட்டு, சொற்களில் பொருள் காண்பது பண்புசார் ஆய்வு. கூலி குறையும் என்று சொன்ன அந்தப் பெண்ணின் ஒரு வாக்கியமே இவ்வாய்வு முழுமைக்கும் தோற்றுவாய் என்பதை மறத்தலாகாது.

திரட்டிய தரவுகளைத் தொகுத்து, இரு குழுக்களிலும் நீர்க்கடுப்பு ஏற்பட்டோரின் விழுக்காட்டை ஒப்பிடுவர். வேறுபாடு தென்பட்டால், அது தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடியதா என்பதைப் புள்ளியியல் சோதனையால் காண்பர். அவ்வாறன்று என்று தெரிந்தாலும் ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு செய்திகள் சேர்ந்து நிகழ்வதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. குறைவாக நீர் அருந்தும் பெண்கள் பணிபுரியும் ஆலைகளிலேயே கழிப்பறைகளும் தூய்மையற்றிருக்கலாம்.

பதினையாயிரம் வீட்டுவாசல்கள்

காரணத்தை உறுதியாக அறிய, ஆய்வாளரே ஒரு மாற்றத்தைச் செய்து விளைவைப் பார்ப்பது சோதனைமுறை ஆய்வு. அதற்குத் தமிழ்நாட்டிலேயே உலகறிந்த எடுத்துக்காட்டு உண்டு.

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் வரும்; குறைபாடு முற்றினால் பார்வையே போகும். அக்குறைபாடு குழந்தைகளின் உயிரையும் பறிக்கிறதா என்ற வினா 1980களில் எழுந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்வு நடத்தினர். ஒரு குழுவினர்க்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ இரண்டும் தரப்பட்டன. மற்றக் குழுவினர்க்கு வைட்டமின் ஈ மட்டும் தரப்பட்டது. இது கட்டுப்பாட்டுக் குழு எனப்படும். எக்குழந்தைக்கு எது தரப்படுகிறது என்பது கொடுப்பவர்க்கும் தெரியாது, பெறுபவர்க்கும் தெரியாது. தெரிந்தால் கவனிப்பு மாறிவிடும். கவனிப்பு மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

முடிவு 1990ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓராண்டில் 125 குழந்தைகள் இறந்தனர். விபத்தால் நேர்ந்தவை நீங்கலாக 117 இறப்புகள். வைட்டமின் ஏ பெற்ற குழுவில் இறக்கும் வாய்ப்பு மற்றக் குழுவின் பாதிக்கும் குறைவாக இருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டோரும், நெடுநாள் ஊட்டமின்மையால் வளர்ச்சி குன்றியோரும் மிகுதியான பயன் பெற்றனர்.

வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று துளிகளைக் கொடுத்தவர்களும், நோயையும் இறப்பையும் பதிவுசெய்தவர்களும் சமுதாய நலத் தன்னார்வலர்கள். ஒவ்வொரு வாரமும் குறைந்தது நூற்றுக்கு 88 குழந்தைகளை அவர்கள் சந்தித்தனர். வயலுக்குச் சென்ற தாயைத் தேடிப் போனதும், தாய்வீட்டுக்குச் சென்ற பிள்ளையைக் குறித்துவைத்ததும் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியாகவே அடங்கும். ஆனால் அந்த 88 என்னும் எண் தாழ்ந்திருந்தால், ஆய்வின் ஏனைய எண்களை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். செவிலியப் பணியின் பொறுமைக்கும் ஆய்வின் நம்பகத்தன்மைக்கும் உள்ள உறவு இதுதான்.

இக்கதை இங்கு முடியவில்லை. பின்னர் உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பெரிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்த அவ்வாய்வில் இறப்பு மிகச் சிறிதளவே குறைந்தது. அக்குறைவும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடியதே. எது சரி? தமிழ்நாட்டில் வாரந்தோறும் சிறிதளவு, அங்கே அரையாண்டுக்கொருமுறை பெரிய அளவு. காலமும் வேறு, குழந்தைகளின் ஊட்டநிலையும் தடுப்பூசி நிலையும் வேறு. அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஓர் ஆய்வின் முடிவைப் பிறிதோர் இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டியதன் தேவையை இவ்வாதமே காட்டுகிறது.

ஆய்வின் அறம்

ஆய்வில் பங்கேற்பவர் மனிதர். தரவு தரும் பொருளல்லர். இதனை மறந்ததன் விளைவை அமெரிக்காவின் டஸ்கேகி ஆய்வு காட்டியது. அலபாமா மாநிலத்தில் ஏறத்தாழ 600 கறுப்பின ஏழை ஆண்களை 1932 முதல் 1972 வரை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை கண்காணித்தது. அவர்களுள் 399 பேர் மேகப்புண் நோயுடையோர். அந்நோய் சிகிச்சையின்றி எவ்வாறு முற்றுகிறது என்பதை அறிவதே நோக்கம். அவர்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. 1940களில் பென்சிலின் அந்நோய்க்குத் தக்க மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

அவ்வாண்களை நாற்பது ஆண்டுகள் ஆய்வுடன் இணைத்துவைத்திருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் செவிலியர். அவரும் கறுப்பினப் பெண்ணே. வண்டியில் அழைத்துச் சென்றார், நலம் விசாரித்தார், குடும்பத்தார்க்கு உதவினார். அவர்மீது கொண்ட அன்பினாலேயே பலர் விலகாமல் இருந்தனர். மேலிடத்து ஆணையை அவர் பின்பற்றினார் என்பது உண்மை. நோயாளிகள் அவரை நம்பினார்கள் என்பதும் உண்மை. அவரைக் குற்றவாளி என்று சொல்வதா, அவரும் அமைப்பின் கைதியே என்று சொல்வதா என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் உள்ளது. எவ்வாறாயினும், மக்கள் செவிலியர்மீது வைக்கும் நம்பிக்கையைத் தீங்குக்கும் பயன்படுத்த இயலும் என்பதை அந்நாற்பது ஆண்டுகள் மெய்ப்பித்துவிட்டன.

இன்று இந்தியாவில் மனிதரிடம் நடத்தப்படும் நலவாழ்வு ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் வழிகாட்டுகின்றன. ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். பங்கேற்பவர்க்கு அவருடைய மொழியில், அவர்க்குப் புரியும்படி நோக்கத்தையும் இடரையும் எடுத்துரைத்த பின்னரே ஒப்புதல் கேட்க வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் அவருக்குரிய மருத்துவ உதவி குறையாது. 18 வயது நிறையாதோர் எனில் பெற்றோரின் ஒப்புதலுடன், விவரம் அறிந்த பிள்ளையின் இசைவையும் கேட்டல் வேண்டும்.

எட்டயபுரத்து எடுத்துக்காட்டில் இதன் பொருள் என்ன? எந்த ஆலையில் பணிபுரியும் எந்தப் பெண் என்ன சொன்னார் என்பது முதலாளிக்குத் தெரிந்தால் அவருடைய வேலை போகலாம். ஆகவே பெயருக்கு மாற்றாகக் குறியெண் இட்டு, பெயர்ப்பட்டியலைத் தனியே பூட்டி வைத்தல் வேண்டும். நேர்காணலுக்காக ஒருமணி நேரக் கூலியை அவர் இழக்கும்படி செய்யலாகாது. தொற்று இருப்பதாகச் சோதனையில் தெரிந்த பெண்ணை வெறும் எண்ணாகக் குறித்துவிட்டுச் செல்லுதல் அறமன்று. அன்றே மருத்துவத்திற்கு வழிசெய்ய வேண்டும். அதனால் ஆய்வின் கணக்குச் சற்று மாறினும் பாதகமில்லை.

விடை திரும்பிச் செல்லுதல்

ஆய்வு முடிந்ததும் அறிக்கை எழுதப்படும். இதழ்களில் கட்டுரையாக வெளியிடப்படும். கருதுகோள் பொய்த்தாலும் முடிவை வெளியிட வேண்டும். நீர் அருந்தும் அளவால் வேறுபாடு இல்லை என்று தெரியவந்தால், காரணத்தை வேறிடத்தில் தேட அடுத்த ஆய்வாளர்க்கு அது உதவும்.

இதழில் வெளிவருவதோடு பணி தீர்ந்தது என்று கருதுவோர் உளர். வினாவைக் கொடுத்தவர்கள் அவ்விதழைப் படிப்பவர்கள் அல்லர். முடிவைச் சிற்றூர்ப் பெண்களிடம் அவர்கள் பேச்சில் எடுத்துச் சொல்வதும், பணிநேரத்தில் ஊதியக் குறைவின்றி இடைவேளை தருவது பற்றி ஆலை நடத்துவோரிடம் எண்களுடன் பேசுவதும், வட்டாரச் சுகாதார அலுவலர்க்குத் தெரிவிப்பதும் ஆய்வின் பகுதிகளே. முடிவு நடைமுறைக்கு வந்த பின்னர் நீர்க்கடுப்புடன் வருவோர் குறைந்தனரா என்று செவிலியர் தம் பதிவேட்டை மீண்டும் புரட்டுவார். அங்கே வேறொரு வினா அவருக்காகக் காத்திருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திற்குச் சென்று, அங்குள்ள செவிலியரிடம் கோடைக்காலத்தில் அவர் அடிக்கடி காணும் ஒரு நலக்குறைவைக் கேட்டறிக. அதனை ஓர் ஆய்வு வினாவாக அமைத்து, சார்பற்ற மாறி, சார்ந்த மாறி, குழப்பும் மாறிகள் ஆகியவற்றைக் குறிப்பிடுக. நோயாளிகளின் பெயரைக் கேட்கவோ எழுதவோ கூடாது.

வைட்டமின் ஏ ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழுவினர்க்கு ஒன்றுமே கொடுக்காமல் விடாது வைட்டமின் ஈ கொடுத்தது ஏன்? விளக்குக.

ஸ்குட்டாரி மருத்துவமனையில் இறப்பு குறைந்தமைக்குச் செவிலியரின் கவனிப்பு மட்டுமே காரணம் என்று ஒருவர் வாதிட்டால், மாதவாரிக் கணக்கைக்கொண்டு எவ்வாறு மறுமொழி கூறுவீர்?

யூனிஸ் ரிவர்ஸின் இடத்தில் இருந்த ஒரு செவிலியர் 1950ஆம் ஆண்டு என்ன செய்திருக்க இயலும்? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.